விதைப்பாட்டு நிலத்தில் ஒரு கேள்வி

நாஞ்சில் நாட்டில் பழைய ஆட்களிடம் வயல் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டால் ஏக்கர் கணக்கு வராது. "எட்டு மரக்கால் விதைப்பாடு" என்பார்கள். வசதி உள்ளவர் "ரெண்டு கோட்டை விதைப்பாடு" என்பார். எவ்வளவு நெல்லை விதைக்கலாமோ அதுவே நிலத்தின் அளவு. இப்போது எல்லாம் சென்ட் ஆகிவிட்டது, அதுவும் பெரும்பாலும் வீட்டுமனைக் கணக்கு. ஆனாலும் நிலத்தை விதையால் அளந்த ஊர்க்காரர்களுக்கு மரபணு மாற்றுப் பயிர் பற்றிய சண்டையை விளக்குவது எளிது. "தின்றால் உடம்புக்கு ஆகுமா?" என்பதில் பேச்சு தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் "விதை யார் கையில்?" என்பதில்தான் வந்து நிற்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நாகர்கோவில் வடசேரி சந்தையில் பெரிதாக, பளபளப்பாக, விதையில்லாமல் எதைக் கண்டாலும் "இது ஜெனிட்டிக் சாதனம்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. விதையில்லாத் திராட்சை, ரெட் லேடி பப்பாளி, உருட்டி வைத்தாற்போன்ற தக்காளி எல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. இவை ஒட்டு ரகங்கள் அல்லது தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்கள். ஒரே இனத்தின் இரண்டு செடிகளை மகரந்தம் மாற்றிச் சேர்ப்பது ஒட்டு. மரபணு மாற்றம் என்பது ஆய்வுக்கூடத்தில், பெரும்பாலும் வேறோர் உயிரின் மரபணுத் துண்டை எடுத்துச் செடிக்குள் பொருத்துவது. இந்தியாவில் இன்றுவரை விவசாயி சட்டப்படி பயிரிடக்கூடிய மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002 மார்ச் முதல். நம் சந்தையில் கிடக்கும் எந்தக் காய்க்கும் அந்த அனுமதி கிடையாது.

அந்த அனுமதிக்கு மிக அருகில் வந்த காய் கத்தரி. வழுதுணங்காய் என்ற பழைய பெயரோடு ஔவையார் பாடலாக வழங்குவதிலேயே இடம்பெற்ற காய் அது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கத்தரி பயிரிட்டவர்களுக்குத் தண்டு, காய்த் துளைப்பான் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்துப்பூச்சியின் புழு குருத்தைத் துளைத்தால் நுனி வாடித் தொங்கும். காயைத் துளைத்தால் வெளியே ஓர் ஊசித் துவாரம், உள்ளே கறுப்பு. புழு உள்ளே போய்விட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதனால் அது நுழைவதற்கு முன்பே அடிக்க வேண்டும், அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் காயை அரியும்போது புழு கண்டால் முகம் சுளிக்கிற நாமே, புழு இல்லாத காயைக் கண்டால் "எத்தனை மருந்து அடிச்சானோ" என்கிறோம்.

இதற்குத் தீர்வாக வந்ததே பி.டி. கத்தரி. மண்ணில் இயல்பாக வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. ஜப்பானில் 1901இல் நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்து கண்டெடுத்தார்கள். பிறகு ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியில் கிடைத்தபோது அந்த ஊர்ப்பெயரையே சேர்த்து பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக பி.டி. அது ஒரு புரதத்தைப் படிகமாகச் செய்து வைத்திருக்கிறது. புழு அதைத் தின்றால், அதன் குடலின் காரத்தன்மையில் படிகம் கரைந்து, குடல் சுவரில் பொருந்தி ஓட்டை போடும்; புழு தீனி மறந்து சாகும். மனிதர் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை. இயற்கை விவசாயிகளே இந்தப் பாக்டீரியாவைத் தெளிப்பதுண்டு. பி.டி. பயிரில், அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். தெளித்த பி.டி. வெயிலில் சில நாளில் போய்விடும். செடிக்குள் இருப்பது, செடி இருக்கும்வரை அதன் உறுப்புகளில் இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் "இயற்கையிலேயே இருப்பதுதானே" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

மஹாராஷ்டிராவின் மஹிகோ நிறுவனம், அமெரிக்க மான்சான்டோவின் மரபணுவைக் கொண்டு இதைச் செய்தது. அப்போது மஹிகோவில் மான்சான்டோவுக்கு 26 சதவீதப் பங்கு இருந்தது. இதில் தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு: 2005 மார்ச்சில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மஹிகோவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, நான்கு ரகங்களில் அந்த மரபணுவை ஏற்ற முனைந்தது. கோ 2, மதுரை 1, பாலூர் 1, கிள்ளிகுளம் 1. கோ 2 வரிக்கத்தரியிலிருந்து வந்தது. மதுரை 1, கள்ளம்பட்டிக் கத்தரி. கிள்ளிகுளம் 1 நமக்குப் பக்கத்துச் சொந்தம். கொத்துக் கொத்தாக முட்டை போலக் காய்க்கும் வெள்ளைக் கத்தரி. இவை ஒவ்வொன்றும் யாரோ ஒரு கிராமத்தில் பல தலைமுறையாகப் பொறுக்கி வைத்த விதையிலிருந்து பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்தவை.

2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குச் சம்மதம் தந்தது. எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பு அன்று பிறந்ததல்ல. 2006லேயே கோவை ஆலாந்துறைப் பக்கம் நடந்த பி.டி. நெல் சோதனை வயலில் விவசாயிகள் இறங்கிப் பயிரைப் பிடுங்கியிருந்தார்கள். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வந்து ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், பி.டி. கத்தரியைக் கண்டித்துத் தமிழ்நாடெங்கும் பேசினார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கொல்கத்தா தொடங்கி பெங்களூர் வரை ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நடத்தினார். சுமார் 8,000 பேர் வந்தார்கள். விஞ்ஞானிகள், விவசாயிகள், சித்த ஆயுர்வேத மருத்துவர்கள், வீட்டுப் பெண்கள் எல்லாரும் கத்தினார்கள், சில இடங்களில் கத்தரிக்காய் மாலையோடு. தமிழ்நாட்டின் நான்கு கத்தரிகள் பட்டியலில் இருந்தும் தமிழ்நாட்டில் ஒரு கூட்டம்கூட இல்லை. நாகர்கோவிலிலிருந்து யாராவது பேச நினைத்திருந்தால் ராத்திரி வண்டியேறி பெங்களூர் போயிருக்க வேண்டும்.

2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். அந்த நிறுத்தம் இன்றும் விலகவில்லை. அதே ஆண்டு ஜூலையில், முன்பு சம்மதம் தந்த அந்தக் குழுவின் பெயரில் 'ஒப்புதல்' போய் 'மதிப்பீடு' வந்தது. ஒரு சொல்தான், ஆனால் ஒப்புவதே வேலை என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்ட குழு எப்படி மறுக்கும் என்று கேட்டவர்களுக்கு அது ஒரு பதில்.

நிறுத்தியதற்கு அமைச்சர் நீண்ட காரணக் குறிப்பு எழுதினார். கத்தரி தின்றால் நோய் வரும் என்று அதில் முடிவு கட்டவில்லை. அவர் தடுமாறிய இடங்கள் வேறு. பாதுகாப்புச் சோதனைகளின் விவரம் பெரும்பாலும் விற்கப்போகும் நிறுவனம் தந்தது. கத்தரி இந்த மண்ணில் பல்கிப் பெருகிய பயிர். நாட்டு ரகங்களும் காட்டு உறவுகளும் இங்கே ஏராளம். கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே காய்த்தாலும், வண்டு வந்து போவதால் ஓரளவு மகரந்தம் கலக்கும். கலந்தால் திரும்பப் பிரிக்க முடியாது. பிறகு கோவைப் பல்கலைக்கழக ஒப்பந்தத்தையே சுட்டினார்: உருவாகும் ரகத்துக்கும் மூல விதைக்கும் உரிமையாளர் யார், பல்கலைக்கழகம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது கவலை தருகிறது என்றார். என் பார்வையில் அந்தக் குறிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. நாட்டுக் கத்தரி விதையை அனுமதியில்லாமல் எடுத்தாண்டதாகக் கர்நாடகத்தின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று 2010இல் புகார் கொடுக்க, சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய உயிரியற்பன்மை ஆணையம் 2011இல் சட்ட நடவடிக்கைக்கு முடிவெடுத்தது.

அமைச்சர் நிறுத்திய அடுத்த மாதமே ஒன்று நடந்தது. குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் பி.டி. பருத்தியைத் தின்றும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிழைத்திருக்கிறது என்று மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. கத்தரியில் வைக்கவிருந்த அதே வகை மரபணு. புழு பழகிக்கொள்ளாமல் இருக்க, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியை ஓரளவு வைத்து, அதைப் புழுவுக்கு விட்டுவிட வேண்டும் என்பது விதி. ஒன்றிரண்டு ஏக்கர்க்காரர் புழுவுக்கென்று பயிர் வைப்பாரா? வைக்கவில்லை. நம் பக்கம் நாற்பது சென்ட் கத்தரிக்காரரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் வரப்போரம் நாலு வரிசையைப் புழுவுக்கு விடச் சொன்னால், "அந்தப் புழு நீருதான் போலிருக்கு" என்பார்.

உடம்பின் பக்கம் வருவோம். உலகச் சந்தையில் இப்போது உள்ள மரபணு மாற்று உணவுகள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியவை, அவற்றால் மனிதருக்குக் கேடு வர வாய்ப்பில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் இருபதாண்டுச் சான்றுகளைப் புரட்டிப் பார்த்து, சாதாரணப் பயிரைவிட இவற்றால் அதிகத் தீங்கு என்பதற்கு ஆதாரம் காணவில்லை. எதிர்க்கிறவர்களில் சிலர் மேடையில் புற்றுநோய், மலடு என்று அடுக்குவதைக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் வழக்கைப் பலவீனமாக்குகிறது. நீண்டகாலச் சோதனை வேண்டும், விற்பவர் கையில் இல்லாத சோதனைக்கூடம் வேண்டும் என்று கேட்பதற்கு பயமுறுத்தல் தேவையில்லை.

எதிர்ப்பாளர் அடைக்க வேண்டிய கடனும் உண்டு. பி.டி. வேண்டாம் என்றால் கத்தரிக்கு இன்று அடிக்கும் மருந்தை என்ன செய்வது? வங்கதேசம் 2013இல் பி.டி. கத்தரியை அனுமதித்தது, 2014 தொடக்கத்தில் இருபது விவசாயிகள் நட்டார்கள். மருந்துச் செலவு குறைந்ததாக அங்கிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் கதை எதிர்ப்பக்கம் திரும்பியது: 2024 ஏப்ரலில் நீதிமன்றம் மரபணு மாற்றுத் தங்க அரிசிக்கும் பி.டி. கத்தரிக்கும் தந்த அனுமதியை நிறுத்தியது. நம் நாட்டிலோ நிறுத்திவைத்த கத்தரி 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் திருட்டுத்தனமாக வயலில் நின்றது. கண்டவர்கள் ஆர்வலர்கள், அரசு பிறகு வந்துதான் பிடுங்கியது. விவசாயிக்கு ஒரு தேவை இருக்கும்போது அதற்கு மாற்றுத் தராமல் தடை மட்டும் போட்டால் விதை கள்ள வழியில் வரும். இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பது, வேம்பு என்று வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆளும் கூலியும் வேண்டும்.

எல்லாப் பயிருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதற்கு நம் மாவட்டமே நல்ல பாடம். மகரந்தம் பறந்து கலக்கும் என்ற அச்சம் கத்தரிக்குப் பொருந்தும். வாழைக்குப் பொருந்தாது. மட்டி, செந்துளுவன், நேந்திரன் எதையும் நாம் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கன்று பறித்து நடுகிறோம். செந்துளுவன், நேந்திரன் பூவில் வளமான மகரந்தம் கிடையாது என்றே சொல்லலாம். 2012இல் இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் கூடிய வாழையை உருவாக்க ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இந்தியா கைகோத்தபோது, திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் கோவைப் பல்கலைக்கழகமும் அதில் இருந்தன. அப்போது எழுந்த எதிர்ப்பு, சத்துக் குறைவுக்கு நாட்டில் ஏற்கெனவே ஆயிரம் கீரை இருக்கிறதே என்பது. 2024இல் ஆஸ்திரேலியா வாடல் நோயைத் தாங்கும் மரபணு மாற்று வாழையை அனுமதித்திருக்கிறது. அதில் வைத்த மரபணு ஒரு காட்டு வாழையினுடையது. நாளை வாடல் நோய் இங்கே வாழைத் தோப்புகளை வளைத்தால், அப்போது நம் கேள்வி மாறும்: கன்று யார் தருவார், பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் கன்று பறித்துக் கொடுக்கலாமா? 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிக்கு அந்தப் பெயர் நிலைக்குமா?

நெல் இரண்டுக்கும் நடுவில். அது தன் பூவிலேயே சூல்கொள்ளும், மகரந்தம் பறப்பது குறைவு. ஆனால் நெல் வேறு வழியில் கலக்கும்: களத்தில், சாக்கில், அறுவடை இயந்திரத்தின் வயிற்றில். 2006இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதியே பெறாத ஒரு மரபணு மாற்று நெல், சந்தை அரிசியில் கலந்திருப்பது தெரியவந்தது. ஐரோப்பா கதவைச் சாத்தியது. அந்த நெல்லுக்குப் பொறுப்பான பேயர் நிறுவனம் 2011இல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. ஒரு பத்தில் (வயல்தொகுதியில்) அடுத்தடுத்து இருபது பேர் வயல், எல்லாருக்கும் ஒரே அறுவடை இயந்திரம் என்று இருக்கும் நம் ஊரில் இது எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இழப்பீடு கேட்க நமக்கு அமெரிக்க நீதிமன்றமும் இல்லை.

கடுகைப் பற்றி இரண்டு வரி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில், வணிகச் சாகுபடிக்கு முந்தைய விதை உற்பத்திக்கும் சோதனைக்கும் அனுமதி கொடுத்தார்கள். தேங்காயெண்ணெயில் தாளிக்க ஒரு சிட்டிகை போடும் நமக்குக் கடுகு அவ்வளவுதான். வடக்கே அது எண்ணெய், கீரை, குளிர்காலச் சாப்பாடு எல்லாம். உச்ச நீதிமன்றத்தில் 2024 ஜூலை 23 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டு தீர்ப்பு எழுதினார்கள்: நீதிபதி நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார், நீதிபதி சஞ்சய் கரோல் செல்லும் என்றார். மக்களையும் மாநிலங்களையும் கேட்டு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

இதற்கிடையில், நாம் அனுமதி பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், மரபணு மாற்று உணவு பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் வந்து பல ஆண்டு ஆகிறது. பருத்திக்கொட்டை எண்ணெய் இந்தியாவில் சமையலுக்குப் போகிறது. அந்தப் பருத்தி பெரும்பாலும் பி.டி. அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பலில் வரும் சோயா எண்ணெயும் மரபணு மாற்றுச் சோயாவினுடையது. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது அரிது என்பது உண்மை. 2021இல் கோழித்தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றுச் சோயாப் புண்ணாக்கு இறக்குமதிக்கு அரசு வழிவிட்டது. 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்று உணவு அடைத்த பொட்டலத்தின் முகப்பில் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் விதி வந்தது. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் பழக்கம் உள்ளவன் நான். அப்படி ஓர் எழுத்தை எந்தப் பலசரக்குக் கடையிலும் கண்டதில்லை.

இனி வரப்போவது நெல். 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். சம்பா மசூரியிலிருந்து செய்த டி.ஆர்.ஆர். தான் 100, அதாவது கமலா; எம்.டி.யு. 1010இலிருந்து செய்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. பரிந்துரைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் கேரளமும் இருக்கின்றன. இவை மரபணு மாற்றம் என்ற வகையில் வராதவை, மரபணுத் திருத்தம். வெளியிலிருந்து எதையும் செடியில் விட்டுவைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவில் ஓரிடத்தைக் கத்தரித்து மாற்றுகிறார்கள். கமலாவில் கதிருக்கு மணி கூடுகிறது, சுமார் இருபது நாள் முந்தி விளைகிறது என்கிறார்கள். கும்பப்பூச் சாகுபடிக்குக் கடைமடைத் தண்ணீரை நம்பி இருப்பவருக்கு இருபது நாள் என்பது சின்ன விஷயமில்லை.

அயல் மரபணு இல்லாத இவ்வகைத் திருத்தத்துக்கு, அந்த மதிப்பீட்டுக் குழுவின் வாசலுக்கே போகத் தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச் 30 அன்றே விலக்கு கொடுத்துவிட்டது. இயற்கையில் தற்செயலாக நடப்பதைத்தான் குறிபார்த்துச் செய்கிறோம் என்பது விஞ்ஞானிகள் வாதம். கதிர்வீச்சால் மாற்றிய ரகங்களை யாரும் கேள்வி கேட்டதில்லையே என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பவர்கள், மரபணுவை வெட்டும் கத்தரிக்கோல் குறி தவறி வேறிடத்தில் வெட்டினால் பார்ப்பது யார் என்கிறார்கள். அந்தக் கத்தரிக்கோலின் காப்புரிமை வெளிநாட்டில் இருக்க, விதைக்கு விலையோ நிபந்தனையோ பின்னால் வருமா என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பி.டி. கத்தரிக்குப் பெங்களூர் வரையாவது கூட்டம் வந்தது. இதற்கு அதுவும் இல்லை.

திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். 1, ஐ.ஆர். 8ஐயும் நம் கட்டிச்சம்பாவையும் சேர்த்துப் பிறந்தது. அதன் தாய் தகப்பன் பெயர் யார் கேட்டாலும் சொல்வார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். அடுத்த கன்னிப்பூச் சாகுபடிக்கு வேளாண்மை விரிவாக்க மையத்தில் விதை வாங்கும்போது சாக்கில் தைத்திருக்கும் நீலச் சீட்டைப் படித்துப் பாருங்கள். பயிர், ரகம், குவியல் எண், சோதித்த நாள், எதுவரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். ரகம் எப்படி உருவானது என்பதற்கு அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது. கமலா வந்தாலும் அதே நீலச் சீட்டில்தான் வரும். வாய் திறந்து கேட்டால்தான் தெரியும்.